உன் மாமியாரின் ஐந்து வெள்ளி

குமரா,

சாப்பிட்டாயா, உடம்பு எப்படி, ஜொகூரில் மழையா வெயிலா என்றெல்லாம் கேட்டுவிட்டுத்தான் ஒரு தாய் கடிதத்தைத் தொடங்க வேண்டும். அதையெல்லாம் நேற்றே தொலைபேசியில் கேட்டாகிவிட்டது, நீயும் எல்லாவற்றுக்கும் ‘ம்’ என்று ஒரே பதிலைச் சொல்லி முடித்துவிட்டாய். ஆகையால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ கலாவைக் கட்டிக்கொள்ளப் போகிறாய். கலாவின் அம்மா பாக்கியம், எதிர் பிளாக் மூன்றாவது மாடி, என்னை ஏதோ தெய்வப் பிறவி என்று பதிமூன்று வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறாள். எந்தச் சம்பவத்தை வைத்து அப்படி நம்புகிறாளோ, அந்தச் சம்பவத்தில் நான் அவளுக்குச் செய்தது அயோக்கியத்தனம். தொகை ஐந்து வெள்ளி. போன வாரம் படியில் நின்று, “மண்டபத்துல மைக்க புடிச்சி அந்தக் கதைய நாலு பேருக்கு சொல்லப் போறேன் டீச்சர், சம்பந்தின்னா இப்படி இருக்கணும்னு எல்லாரும் தெரிஞ்சிக்கட்டும்” என்று அவள் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சரி, கொஞ்சம் இறங்கியது. ஆனால் ருசிக்கவில்லை. அவள் மைக்கைப் பிடிப்பதற்குள் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். சொன்ன பிறகு அவள் பெண்ணைக் கொடுப்பாளா, கொடுத்தாலும் பந்தியில் என் இலைக்கு அப்பளம் வருமா என்று தெரியாது. மாப்பிள்ளை நீ. விஷயம் உனக்கு முதலில் தெரிய வேண்டும்.

ஐந்து வெள்ளிக்கா இத்தனை கூத்து என்று சிரிக்காதே. போன மாதம் நீ பத்து வெள்ளிக்குப் போட்ட கூச்சலை நான் மறக்கவில்லை. மோட்டார் சைக்கிள் தவணை ஒன்றாம் தேதி கணக்கிலிருந்து தானாகப் போக வேண்டும், உன் தொழிற்சாலை இரண்டாம் தேதி சம்பளம் போட்டது, ஒரு நாள் இடைவெளிக்குப் பேங்க்காரன் பத்து வெள்ளியை வெட்டிக்கொண்டான் என்று நீ கத்தியதில் தொலைபேசி சூடாகிவிட்டது. “பத்து வெள்ளிக்கு ஒரு ஆம்பள இப்படி கத்துவானா?” என்று உன் அப்பா கேட்டார். கத்துவான். எழுநூறு வெள்ளி சம்பளத்தில் வாடகை, தவணை, சாப்பாடு, இப்போது கல்யாணக் கடன் எல்லாம் போக மிச்சமிருக்கும் பத்து வெள்ளி, வெறும் பத்து வெள்ளி அல்ல, அந்த மாதத்தின் மானம். பணம் நிறைய வைத்திருப்பவனுக்குப் பேங்க் வட்டி கொடுக்கிறது, கொஞ்சமாக வைத்திருப்பவனிடம் இடத்துக்கு வாடகை வாங்குகிறது. இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. என் பேங்க் புக்கிலேயே படித்தேன்.

நான் அந்தப் புக்கை வாங்கிய கதை உனக்குத் தெரியாது. பிரிக்ஃபீல்ட்ஸில் நான் வேலை பார்த்த பாலர் பள்ளியில் மாதம் நூற்றெண்பது வெள்ளி, கையில் ரொக்கமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நிர்வாகக் குழுவுக்குப் புதிதாக ஒரு செயலாளர் வந்தார். வந்தவர் டை கட்டியிருந்தார். டை கட்டியவர் ரொக்கம் கொடுப்பாரா? செக்காகக் கொடுத்தார். செக்கை நீட்டினால் பாசாரில் மீன்காரன் மீன் தரமாட்டான், ஆகவே கணக்குத் திறக்க வேண்டியதாயிற்று. கணக்குத் திறக்கிற நாளில் நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். ஆமாம், சிரி. பேங்க்குக்குள் போகிற ஒரே பட்டுப்புடவை நான்தான். காவலாளி என்னைப் பார்த்து மேனேஜருக்கு வேண்டப்பட்டவள் என்று நினைத்து நாற்காலி போட்டார். இருபது வெள்ளி கட்டிக் கணக்கைத் திறந்துவிட்டு, அந்த நாற்காலியில் தேவைக்கு மேல் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.

பாக்கியம் அந்தப் பேங்க்குக்குள் வந்தது வேறு மாதிரி. அவள் புருஷன் போர்ட் கிள்ளானில் மூட்டை ஏற்றி இறக்குகிற வேலையில் இருந்தார். ஒரு பெட்டி சரிந்து பாதத்தில் விழுந்தது. நஷ்டஈடு செக்காகத்தான் வரும், கணக்கு இல்லாவிட்டால் வாங்க முடியாது என்றார்கள். கணக்குத் திறந்தாள், செக் வந்தது, வைத்தியத்துக்கும் வாடகைக்கும் போனது. மிச்சம் முப்பத்து சொச்சம். இருபது வெள்ளி கணக்கிலேயே கிடக்க வேண்டும், மேலே இருப்பதிலிருந்து மாதம் பத்து வெள்ளி எடுத்துத்தான் கலாவின் பள்ளி பஸ்ஸுக்குக் கட்டுவாள், பள்ளிக் கேண்டீன் சம்பளம் வந்ததும் திரும்பப் போட்டு வைப்பாள். மூன்றாவது ஆள் அன்னம் ஆன்டி. அவருடைய கணவர் ரயில்வே ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்துக் குடும்பம், வீட்டில் ஆங்கிலப் பத்திரிகை வரும். அன்னம் ஆன்டிக்குக் கணக்கு தேவையே இல்லை. பேங்க்குக்குப் போய் வருகிறேன் என்று படியில் இறங்கும்போது நாலு பேர் காதில் விழும்படி சொல்வதற்காகவே வைத்திருந்தார். அதிலும் அறுபது வெள்ளிக்கு மேல் நான் பார்த்ததில்லை. பார்த்தேனா என்று கேட்காதே. புக்கை விரித்துப் பிடித்தால் பக்கத்தில் நிற்பவள் கண்ணை மூடிக்கொள்ள முடியுமா?

அந்த வருடம் நாட்டில் வேலை குறைந்து, உன் அப்பா ஓட்டும் லோரி பாதி நாள் நின்றுகொண்டிருந்த காலம். பேங்க் வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். ஜூன் முப்பதாம் தேதியும் டிசம்பர் முப்பத்தோராம் தேதியும் கணக்கில் நூறு வெள்ளிக்குக் குறைவாக இருந்தால் ஐந்து வெள்ளி சேவைக் கட்டணம். எங்கள் மூவரின் கணக்கும் குறைவு. கணக்கை மூடிவிடலாம் என்றால், மூடுவதற்கும் ஒரு கட்டணம் உண்டாம். உள்ளே இருந்தாலும் காசு, வெளியே போனாலும் காசு. உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் காலை நீட்டிக்கொண்டு, “பிஸ்கட் டின்னுல காச வெச்சா டின்னு காசு கேக்குதா? படிச்சவங்களுக்கெல்லாம் புத்தி இவ்ளோதான்” என்றார். ஒரு வாரம் முழுக்க, பிஸ்கட் எடுக்கும்போதெல்லாம் டின்னைத் தட்டித் தட்டி என்னைப் பார்த்துச் சிரித்தார். இந்தச் சிரிப்பை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மேலே படி. குற்றவாளிக்கு ஒரு காரணமாவது இருக்கட்டும்.

வழி கண்டுபிடித்தவர் அன்னம் ஆன்டி. மாடிப்படியில் எங்கள் இருவரையும் நிறுத்தி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

“இஞ்ச பாருங்கோ பிள்ளையள். நான் அந்த நோட்டீஸை வடிவா வாசிச்சிட்டன். ஜூன் முப்பதாம் திகதி நூறு வெள்ளி இருக்கோணும் எண்டுதான் போட்டிருக்கு. எத்தனை மணிக்கு எண்டு போடேல்லை. அப்ப எந்த மணிக்கு இருந்தாலும் சரிதானே?”

“அப்படின்னா, ஆன்டி?” என்றாள் பாக்கியம்.

“மூண்டு பேரிட்டையும் இருக்கிற ரொக்கத்தைச் சேப்பம். ஒராள் போடுறது, புக்கிலை நூறுக்கு மேலை பதிஞ்ச உடனை எடுக்கிறது. அந்தக் காசை அடுத்த ஆள் போடுறது. ஒரே காசு, மூண்டு கணக்கு. விளங்கிச்சுதோ?”

“ஐயோ, ஆன்டி மூளையே மூளை லா!” என்று பாக்கியம் கன்னத்தில் கை வைத்தாள். நானும் வைத்தேன். இங்கிலீஷ் படித்தவர், கிராணி மனைவி, சட்டத்தில் இருந்த ஓட்டையை மாடிப்படியில் நின்றே கண்டுபிடித்துவிட்டார் என்று எங்களுக்கு ஒரே பெருமை. மூன்று வீட்டுச் சாமான் காசையும் சேர்த்தால் எண்பது வெள்ளி தேறியது. போதும்.

முப்பதாம் தேதி மத்தியானம் போனோம். பேங்க் மூன்று மணிக்கு மூடும், நாங்கள் போனது இரண்டுக்கு. அரையாண்டுக் கடைசி நாள், கூட்டம் வாசல் வரை. முறை வைத்துக்கொண்டோம்: முதலில் வயதுக்கு மரியாதையாக அன்னம் ஆன்டி, பிறகு நான், கடைசியில் பாக்கியம். மூன்று பேருக்கும் பேங்க் பாரத்தைப் பூர்த்தி செய்வது நான், டீச்சர் அல்லவா. பாக்கியம் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், நான் ஆன்டியுடன் கவுண்டருக்குப் போனேன். கவுண்டரில் கண்ணாடி போட்ட ஒரு சீனப் பெண். ஆன்டி பணத்தைக் கட்டினார், புக்கில் நூற்று நாற்பது பதிந்தது, உடனே எண்பதைத் திரும்பக் கேட்டார். அந்தப் பெண் எங்களை ஒரு மாதிரி பார்த்தாள். பணத்தை எண்ணிக்கொண்டே என் பக்கம் குனிந்து, மலாயில் மெதுவாகச் சொன்னாள். சொன்னதன் சாரம் இது: அக்கா, கட்டணத்துக்காகச் செய்கிறீர்கள் என்றால் பிரயோஜனம் இல்லை, மூன்று மணிக்குப் பேங்க் மூடிய பிறகு கணக்கில் என்ன மிச்சம் இருக்கிறதோ அதைத்தான் பார்ப்பார்கள், இடையில் போட்டு எடுப்பதை யாரும் பார்ப்பதில்லை.

அன்னம் ஆன்டிக்கு இந்தப் பேச்சு காதில் விழவில்லை. விழுந்திருந்தாலும், கவுண்டர் பெண் மலாயில் சொல்வதை நம்பி ஆங்கிலத்தில் தாம் வாசித்ததைத் தள்ளிவிடுகிற ஆள் அவர் இல்லை. பணத்தை என் கையில் கொடுத்துவிட்டு ராணி மாதிரி பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தார்.

குமரா, கவுண்டரிலிருந்து அந்த பெஞ்சுக்குப் பதினைந்து அடி இருக்கும். அந்தப் பதினைந்து அடிக்குள் நான் கெட்டுப்போனேன். எண்பது வெள்ளி என் கையில். மூன்று மணிக்கு அது யார் கணக்கில் இருக்கிறதோ அவள் மட்டும் தப்புவாள். அடுத்த முறை என்னுடையது, கடைசி முறை பாக்கியத்துடையது. நான் எதுவுமே செய்யாமல், எதுவுமே பேசாமல் இருந்தாலே, எடுக்க நேரமில்லாமல் பணம் பாக்கியத்தின் கணக்கில் தங்கி அவள் தப்புவதற்கு வழி இருந்தது. சொல்லியிருந்தால் மூன்று பேரும் உட்கார்ந்து யோசித்து, யாருக்கு அதிகத் தேவையோ அவளுக்கு விட்டிருப்போம். அதுவும் பாக்கியம்தான். நான் பெஞ்சுக்குப் போய், இந்த வாயாலேயே சொன்னேன்: “அக்கா, நீங்க முன்னாடி போங்க. நான் கடைசியா போறேன்.”

“சே, சே, அதெப்படி டீச்சர்? முறை உங்களுது.”

“பரவால்ல லா அக்கா. கலா பள்ளி விட்டு வர நேரம். நீங்க சீக்கிரம் முடிச்சிட்டு போங்க.”

“உங்க குமரனும்தான் வருவான். நீங்க போங்க.”

“அவன் ஆம்பளப் பிள்ள, வாசல்ல உக்காந்து இருப்பான். போங்கக்கா, சொல்றத கேளுங்க.”

இப்படி ஒருவரை ஒருவர் தள்ளிவிட்டுக்கொண்டு நின்றோம். பக்கத்தில் நின்ற ஒரு மலாய்க்காரப் பெரியவர் எங்கள் மரியாதையைப் பார்த்துத் தலையை ஆட்டி ரசித்தார். கடைசியில் பாக்கியம் கண் கலங்கி, “உங்க மனசு யாருக்கு டீச்சர் வரும்!” என்று என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுக் கவுண்டருக்குப் போனாள். போட்டாள், எடுத்தாள். அந்தச் சீனப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. நான் பாக்கியத்திடம் விளக்கிச் சொல்லியிருப்பேன் என்று நினைத்திருப்பாள். பாக்கியம் பணத்தைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தபோது மணி இரண்டு ஐம்பது. நான் போனேன், போட்டேன். எடுக்கவில்லை. அந்தப் பெண் என் புக்கில் முத்திரை குத்திவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தாள். இருபது வருடம் டீச்சர் வேலை பார்த்த எனக்கு அந்தப் பார்வை தெரியும். பக்கத்துப் பிள்ளையின் பென்சிலைப் பைக்குள் போட்டுக்கொண்ட பிள்ளையை நான் பார்க்கிற பார்வை.

பெஞ்சுக்கு வந்து, “கவுண்டர் மூடிட்டாங்க, எடுக்க முடியல. நாளைக்கு காலையில எடுத்து பிரிச்சி குடுத்துடறேன்” என்றேன். மூடினார்கள் என்பது உண்மைதான். நான் சொன்னதில் பொய்யே கிடையாது. அதுதான் அதில் உள்ள மோசம்.

ஆனால் ஒன்றை நான் யோசிக்கவில்லை. அந்த எண்பதில் பாக்கியத்தின் அன்றைய சாமான் காசும் இருந்தது. வீட்டுக்குப் போகிற வழியில் அரிசியும் மீனும் வாங்க வைத்திருந்த காசு. தெருவில் நடக்கும்போது அவள் முந்தானை முனையை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டே வந்தாள். எனக்குத் தாங்கவில்லை. “இன்னைக்கு எல்லாரும் நம்ம வீட்டுல சாப்பிடுங்க” என்று சொல்லிவிட்டு, கடையில் கடன் சொல்லி இரண்டு பெரிய சார்டின் டின், அரை டஜன் முட்டை, ஒரு ரொட்டி வாங்கினேன். ஆறு வெள்ளி எழுபது காசு. ஐந்து வெள்ளியைக் காப்பாற்ற ஆறு எழுபது செலவழித்த நிதி மேதை உன் தாய் என்பதைக் கல்யாணத்தன்று உன் நண்பர்களுக்குச் சொல்லலாம். அன்று சாயங்காலம் பாக்கியத்தின் குடும்பம் முழுவதும் நம் வீட்டில் சாப்பிட்டது. நீயும் கலாவும் சார்டின் தலை யாருக்கு என்று அடித்துக்கொண்டீர்கள். டின்னில் வரும் சார்டினுக்குத் தலையே கிடையாது என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

மறுநாள் எண்பதையும் எடுத்துப் பிரித்துக் கொடுத்துவிட்டேன். அந்த ஜூலையில் மூவரும் புக்கைப் பதிந்து வந்தோம். அன்னம் ஆன்டிக்கு ஐந்து வெள்ளி வெட்டு, பாக்கியத்துக்கு ஐந்து வெள்ளி வெட்டு, எனக்கு இல்லை. நான் உன் அப்பாவின் முன்னால் புக்கை விரித்து, டின்னை ஒரு தட்டுத் தட்டிக் காட்டினேன். அந்த ஒரு தட்டுக்காகத்தான் எல்லாம் செய்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. நமக்கு அந்த ஐந்து வெள்ளி இல்லாமல் அடுப்பு அணைந்திருக்காது. பசிக்காகத் திருடியிருந்தால் கேட்கிறவர்கள் உருகுவார்கள். நான் ஒரு பிஸ்கட் டின்னைத் தோற்கடிப்பதற்காகத் திருடினேன்.

பாக்கியம் கேட்டாள், “எப்படி டீச்சர் உங்களுக்கு மட்டும் வெட்டல?” நான் வானத்தைப் பார்த்து, “கம்ப்யூட்டர் தப்பா இருக்கும்” என்றேன். அன்னம் ஆன்டி விடவில்லை. மேனேஜருக்கு ஒரு முழுப்பக்கம் ஆங்கிலத்தில் கடிதம் எழுதினார், எங்களுக்கு வாசித்தும் காட்டினார். ஒன்றும் புரியாவிட்டாலும் மேனேஜர் வேலையை விட்டுப் போய்விடுவார் என்று தோன்றியது. இரண்டு வாரத்தில் பதில் வந்தது. என்ன எழுதியிருந்தார்கள் என்று கேட்டதற்கு, “அது கொன்பிடென்ஷல், பிள்ளை” என்று கதவைச் சாத்திக்கொண்டார். அதன் பிறகு பேங்க் பேச்சையே எடுத்ததில்லை. இரண்டு வருடத்தில் மகனோடு ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். நோட்டீஸைத் தாம் தப்பாக வாசித்ததை அவர் மறைத்தார், நான் சரியாகக் கேட்டதை மறைத்தேன். நடுவில் பாக்கியம் மட்டும் ஒன்றும் தெரியாமல் எங்கள் இருவருக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த மாதம் பஸ் காசில் பாதி குறைந்தது. கலா இரண்டு வாரம் பள்ளிக்கு நடந்து போனாள். நீயும் பஸ்ஸில் போகாமல் அவளோடு நடந்தாய். காதல் அங்கேதான் தொடங்கியது என்று இப்போது மண்டபத்தில் கதை கட்டாதே. பதினொரு வயதில் நீ அவளோடு நடந்தது, வழியில் கொய்யா மரம் இருந்ததற்காக. மூன்றாம் நாள் அவள் உன்னைக் குடையால் அடித்து, நீ அழுதுகொண்டு வந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு பாக்கியம் கேண்டீனில், கோயிலில், பண்டமாரானில் இருக்கும் அவள் தங்கை வீட்டில் என்று எங்கே போனாலும் இதைச் சொன்னாள்: “தன் முறைய எனக்கு விட்டுக் குடுத்து, தன் காசு பேங்க்ல மாட்டிக்கிட்டும், எங்க குடும்பத்துக்கே சோறு போட்டாங்க டீச்சர்.” சொல்லச் சொல்லக் கதையும் வளர்ந்தது. சார்டின் கோழியாகிவிட்டது. போன வருடம் உங்கள் விஷயம் தெரியவந்து அவள் தம்பிகள் மூன்று பேரும், லோரிக்காரன் மகனுக்கா என்று குதித்தபோது, அவள் ஒற்றை ஆளாக நின்று என்ன சொன்னாள் தெரியுமா? “பையன விடு. அந்தம்மா மனசு எனக்குத் தெரியும். அந்த வீட்டுக்குத்தான் என் பொண்ணு போவா.” நான் அவள் வீட்டுக் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். ஒட்டுக் கேட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும், எழுதுவதாவது நேர்மையாக இருக்கட்டும். நீ கலாவைக் கட்டிக்கொள்வது என் பொய்யை அடமானம் வைத்து வாங்கிய சம்மதத்தில். இதைச் சொல்லாமல் நான் எப்படி மாலை போட்டுக்கொண்டு மேடையில் நிற்பது?

நீயும் கலாவும் சேர்ந்து கணக்குத் திறக்கப் போவதாகச் சொன்னாய். திற. உனக்கொன்று அவளுக்கொன்று என்று மூன்று நான்கு வைத்துக்கொள்ளாதே, ஒவ்வொன்றும் ஒரு வாய், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பசிக்கும். அவசரத்துக்கு வேறு பேங்க் மெஷினில் இருபது இருபதாக எடுக்காதே. அது எடுத்துக் கொடுக்கிற கூலி உன் தேநீர்க் காசு. தவணைத் தேதியைச் சம்பளத்துக்குப் பிறகு தள்ளி வைக்கச் சொல்லி நேரில் போய்க் கேள். கேட்டால் மாற்றுவார்கள், கேட்காதவனுக்கு வெட்டுவார்கள். சுவரில் ஒட்டியதை வாசித்துவிட்டு அன்னம் ஆன்டி மாதிரி பெருமையோடு வந்துவிடாமல், கவுண்டரில் இருக்கும் பெண்ணிடம் இதற்கு என்ன அர்த்தம் என்று வெட்கமில்லாமல் கேள். நமக்கு உதவ நினைக்கிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள், சம்பளம் நம்மைப் போலத்தான். பட்டுப்புடவை தேவையில்லை. அவர்கள் உன்னிடம் மெதுவாகச் சொன்னதை, வீட்டுக்கு வந்து கலாவிடம் சத்தமாகச் சொல். கட்டணத்தைத் தாங்கிவிடலாம், குமரா. ஒருவருக்குத் தெரிந்து மற்றவருக்குத் தெரியாமல் இருப்பதைத் தாங்க முடியாது. எனக்குப் பதிமூன்று வருட அனுபவம்.

இவ்வளவு எழுதிவிட்டு நேற்று பேனாவை மூடினேன். முகத்தைக் கழுவிக்கொண்டு, புதிதாக ஓர் ஐந்து வெள்ளி நோட்டை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு எதிர் பிளாக்குக்குப் போனேன். பாக்கியம் தரையில் உட்கார்ந்து தாம்பூலப் பைகளில் வெற்றிலை பாக்கு போட்டுக்கொண்டிருந்தாள். “வாங்க டீச்சர், நல்ல நேரத்துல வந்தீங்க, ஒரு கை புடிங்க” என்றாள். நானும் உட்கார்ந்து முப்பது பை போட்ட பிறகுதான் வாய் திறந்தது. ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. சீனப் பெண் சொன்னது, பதினைந்து அடி, பிஸ்கட் டின், எல்லாவற்றையும் கொட்டிவிட்டு நோட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

அவள் நோட்டைப் பார்க்கவேயில்லை. கையில் இருந்த பையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

“அந்தப் பொண்ணு உங்ககிட்ட சொன்னிச்சா?”

“ஆமா.”

“சொன்னப்புறம்தான் என்ன முன்னாடி போகச் சொன்னீங்களா?”

“ஆமாக்கா.”

“நான் உங்க கைய புடிச்சி அழுதேனே.”

நான் அடுத்த பைக்கு வெற்றிலை எண்ணினேன்.

“அஞ்சு வெள்ளி கெடக்குது டீச்சர். நான் எத்தன பேருகிட்ட சொன்னேன்! என் தம்பிங்ககிட்ட சண்ட போட்டேன். மைக்ல பேசறேன்னு மண்டபத்துல வேற சொல்லி வெச்சிட்டேன். இப்ப நான் என்னத்த பேசறது? சார்டினப் பத்தியா?”

எனக்கு அந்த நேரத்தில் சிரிப்பு வந்தது, குமரா. சத்தியமாக அடக்கிப் பார்த்தேன். அவள் அதைப் பார்த்துவிட்டாள். அவளுக்கும் உதடு ஒரு பக்கம் போனது, ஆனால் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். எழுந்து நின்று இடுப்பில் கை வைத்து என்னைப் பார்த்தாள். “இங்க பாருங்க. கல்யாணத்துக்கு ஆறு நாளுதான் இருக்கு. நூத்தம்பது பை போடணும், வாழமரத்துக்கு ஆள் வரல, பந்திக்கு பரிமாற பையன் ரெண்டு பேரு குறையுது. இப்ப உங்ககூட சண்ட போட எனக்கு நேரம் இல்ல. கல்யாணம் ஜாம்ஜாம்னு நடக்கும், என் பொண்ணு உங்க வீட்டுக்கு வருவா, அதுல மாத்தமே இல்ல. முடிஞ்சதுக்கு அப்புறம் ஆறு மாசம் உங்ககூட பேசமாட்டேன். சொல்லிட்டேன்.” பிறகு, “பை போடறதா இருந்தா போடுங்க, இல்ல போங்க” என்றாள். நான் போட்டேன். நூற்றைம்பதும் முடிகிற வரை எழுந்திருக்கவில்லை. நோட்டு தரையிலேயே கிடந்தது. வரும்போது அதை எடுக்கலாமா, விடலாமா என்று தெரியாமல் விட்டுவிட்டு வந்தேன்.

ஆகவே கல்யாணம் நடக்கும். நீ வெள்ளிக்கிழமை வந்து சேர். உன் மாமியார் என்னோடு பேசாமல் இருப்பதைப் பார்த்து நடுவில் புகுந்து சமாதானம் செய்யாதே, உன் அப்பாவையும் செய்ய விடாதே. அவள் கோபத்துக்கு அவளுக்கு உரிமை இருக்கிறது. முழுசாகக் கோபித்துக்கொள்ளட்டும்.

உறையை ஒட்டப் போகும் நேரத்தில் தொலைபேசி அடித்தது. கலா.

“ஆன்டி, அம்மா கேக்கச் சொன்னாங்க, ஞாயித்துக்கெழம உங்க பக்கத்து ஆளுங்க மண்டபத்துக்கு எத்தன மணிக்கு வருவீங்கன்னு. பதில என்கிட்டதான் சொல்லணுமாம். அவங்க உங்ககூட பேசலையாம்.”

கல்யாணம் வரைக்கும் அவளால் பொறுக்க முடியவில்லை பார்த்தாயா! “ஆறு மணிக்கு வந்துடுவோம்னு சொல்லும்மா. அப்புறம் ஒரு சந்தேகம், அதையும் கேட்டுச் சொல்லு. ஆறு மாசம்னாங்களே, அது கல்யாணத்துலேருந்தா, இன்னைலேருந்தா?”

கலா கேட்பதற்குள் பின்னால் இருந்து பாக்கியத்தின் குரல் தொலைபேசியே அதிரும்படி வந்தது: “இன்னைலேருந்துதான்னு சொல்லு!”

நாட்காட்டியில் இன்றைய தேதிக்கு வட்டம் போட்டுவிட்டேன். கல்யாணத்திலிருந்து எண்ணுவதைவிட எனக்கு ஐந்து நாள் மிச்சம்.

அம்மா